கான்ஸ்டபிளின் நகம்

இன்று காலை கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு கிழவர் உட்கார்ந்தார். பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது, எழுபதுகளில் எங்கள் பழவேற்காட்டில் கான்ஸ்டபிளாக இருந்தவர். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு ஏரில குளிக்கிற பசங்கள எப்டிப் புடிப்பேன் தெரியுமாம்மா? கையில நகத்தால ஒரு கீறு. வெள்ளையா கோடு உழுந்தா தண்ணில இருந்தவன். ரோட்லயே வச்சி சாத்துவேன்."

தெரியும். என் அண்ணன் கையிலும் அந்தக் கோடு விழுந்தது.

விடியற்காலையில் அப்பாவோடு வலை இழுத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தான்.

"நைனா கூட வலை இஸ்துட்டு வரேன் சார்! ஸ்கூலுக்குத்தான் சார் போறேன்!" என்று அலறினான்.

லத்தி முறியும்வரை அடித்தார். பிறகு பூட்ஸ் காலால் முகத்தில் உதைத்தார். அண்ணனின் முன்பல் என் சிலேட்டின் மேல் வந்து விழுந்தது.

"நம்ம கையால அடி வாங்கினவன் ஒருத்தன்கூட அப்புறம் மட்டம் போட்டதில்ல" என்றார் கிழவர், பெருமையாக.

உண்மைதான். அண்ணன் அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை.

இறங்கும்போது அவர் தடுமாறினார். கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். விடுவதற்கு முன் நகத்தால் அழுத்தி ஒரு இழுப்பு. காய்ந்துபோன கிழத்தோல். பளிச்சென்று வெள்ளைக் கோடு.

"இன்னா சார், இன்னிக்கி ஸ்கூலுக்கு மட்டமா?"

வயதானவரிடம் இப்படியா என்று திட்ட வருபவர்கள் தாராளமாக வரலாம்.

முதலில் கையை நீட்டுங்கள்.