மாடியில் ஒரு ஐந்து மார்க் கேள்வி

பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் வாழ்க்கையில் எதற்கு உதவியது என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "அல்ஜீப்ரா படிச்சமே, என்னைக்காவது காய்கறிக் கடையில எக்ஸ் கண்டுபிடிச்சமா?" என்று ஒருவர் கேட்பார். பக்கத்து இலைக்காரர் பாயசம் புரையேறச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. எங்கள் வீட்டுக்குத் தினமும் உதவியிருக்க வேண்டிய ஒரு பாடம் எனக்குத் தெரியும். அது எங்கள் மொட்டைமாடியிலேயே நடந்தது. படி இறங்கி வீட்டுக்குள் வருவதற்கு மட்டும் அதற்கு அனுமதி இல்லை.

ஆவடிக்குப் பக்கத்தில், கோவில்பதாகையில் எங்கள் வீடு. கீழே நானும் கணவரும் இரண்டு மகள்களும். மாடியில் தகர ஷெட் போட்டு, அடுத்த தெருவில் குடியிருக்கும் என் கணவரின் அக்கா டியூஷன் நடத்துகிறார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். விலங்கியல் படித்து, பி.எட். முடித்தவர். பத்தாம் வகுப்பு அறிவியல் என்றால் இந்த வட்டாரத்தில் அண்ணிதான். புது அடுக்குமாடிகளில் இருக்கும் ஐ.டி. கம்பெனிக்காரர்கள்கூடப் பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். கீழே 'இன்னா', 'கீது' என்று பேசும் அண்ணி, கடைசிப் படியில் கால் வைத்ததும் அச்சடித்த தமிழுக்கு மாறிவிடுவார்.

பரீட்சை நெருங்கினால் விடியற்காலை வகுப்பு உண்டு. முக்கியமான கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, பிள்ளைகளைச் சேர்ந்து கத்த வைப்பது அண்ணியின் வழக்கம்.

"குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பவர் யார்?"

"தந்தை!"

"எவ்வாறு?"

"தாயிடம் இருப்பது எக்ஸ் மட்டுமே! தந்தையிடம் எக்ஸும் உண்டு, ஒய்யும் உண்டு!"

தகரம் அதிரும். "அஞ்சு மார்க். கண்டிப்பா வரும். படம் போட்டா முழு மார்க்" என்று அண்ணி முடிப்பார். கீழே இட்லி ஊற்றிக்கொண்டு வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு எனக்கே அது மனப்பாடம்.

சின்னவள் வயிற்றில் இருந்தபோது, முதல் பிரசவம் போலவே இதுவும் சிசேரியன்தான் என்று முடிவாயிற்று. என் உடம்பின் நிலையைப் பார்த்த டாக்டரம்மா, "இதோட நிறுத்திக்கணும். இன்னொண்ணு உண்டானா உசுருக்கே ஆபத்து. இப்பவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் பண்ணிடலாம். கையெழுத்துப் போடுங்க" என்று கணவரிடம் சொன்னார். அதற்கு அவர் என் முன்னாலேயே சொன்ன பதில்: "இன்னா கொழந்தைன்னு பாத்துட்டு சொல்றேன் டாக்டர்." நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன்.

பெண் பிறந்தது. அவர் கையெழுத்துப் போடவில்லை.

வகுப்பை முடித்துவிட்டு அண்ணி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். சுண்ணாம்புக் கட்டித் தூள் கைவிரலில் அப்படியே இருந்தது. துணியை விலக்கிப் பார்த்தார். "திரும்பவும் பொட்டப்புள்ளயா? உங்க ஊட்டு வாகு அப்டி. உங்கம்மாவுக்கும் மூணும் பொண்ணுதானே" என்றார். காலையில் எத்தனை பிள்ளைகளை 'தந்தை' என்று கத்த வைத்த வாய் அது! நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சின்னவள் நடக்க ஆரம்பித்ததும் மூன்றாவதைப் பற்றிய பேச்சு வீட்டுக்குள் நுழைந்தது. டாக்டரம்மா சொன்னதை நான் எடுத்தாலே கணவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்புக்கு வந்த அண்ணி, ஒரு பொட்டலத்தையும் தூக்குவாளியில் பாலையும் சமையலறை மேடையில் வைத்தார். பொட்டலத்தில் கறுப்பாக மூன்று உருண்டைகள். எலி செத்த வீடு போல நாறின.

"பூந்தமல்லி தாண்டி ஒரு வைத்தியர் குடுத்தது. மூணு நாளு வெறும் வயித்துல முழுங்கணும். அப்பால உண்டானா ஆம்பளப் புள்ளதான். பாலு காளக்கன்னு போட்ட மாட்டுப் பாலு. ஊரு பூரா போன் போட்டுத் தேடிக் கண்டுபுடிச்சேன், தெரிமா?"

விலங்கியல் பட்டதாரி காளைக்கன்று போட்ட மாட்டைத் தேடியிருக்கிறார். சீ, என்ன கருமம் இது என்று இருந்தது.

"அண்ணி, மாடில வேற மாதிரி சொல்லித் தரீங்களே" என்றேன்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அது பரிட்சைக்கு. இது குடும்பத்துக்கு. ரெண்டத்தையும் இன்னாத்துக்குக் கொழப்பிக்கினு கீற?"

"டாக்டரம்மா உசுருக்கே ஆபத்துன்னாங்களே அண்ணி."

"அவுங்கோ அப்டித்தான் பயமுறுத்துவாங்கோ. பசங்க வந்துட்டாங்கோ, நான் மேல போறேன். நீ முழுங்கிடு."

பாலைக் காய்ச்சி டம்ளரில் ஊற்றிவைத்துவிட்டே போனார். கணவர் பல் விளக்கிவிட்டு வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். அளவு ஒரு நூல் கூடினால் பீஸைத் தூக்கி எறிந்துவிடுவார். பத்தாவதில் அறிவியலில் நூற்றுக்கு நூறு. அக்காதான் சொல்லிக்கொடுத்தது என்று இன்றைக்கும் விருந்தாளிகளிடம் பெருமை பேசுவார்.

"குடிச்சிடேன். அக்கா எவ்ளோ அலைஞ்சி வாங்கிக்கினு வந்துகீது. உனக்கு இன்னா போச்சு?" என்றார்.

என் உசுர்தான் போகும் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதுவரை நான் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன்: படித்தது மறந்துபோயிருக்கும், பாவம், எப்போதோ படித்ததுதானே என்று. டம்ளரையும் ஒரு உருண்டையையும் எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"நீங்க குடிங்க."

ஒன்றும் தெரியாத ஆம்பளையாக இருந்தால் என்ன செய்திருப்பார்? "நான் எதுக்குடி குடிக்கணும், பைத்தியமா உனக்கு?" என்று சிரித்திருப்பார். இவர் சிரிக்கவில்லை. எதற்கு என்று கேட்கவும் இல்லை. முகம் செத்துப்போயிற்று. மேலே தகரம் அதிர்ந்தது. "தந்தை!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவர் கூரையை ஒருமுறை பார்த்தார்.

"மெதுவாப் பேசு. மேல பசங்க கீறாங்கோ."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எதுவும் மறந்துபோகவில்லை என்று. எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் பேனாவை வாங்காமல் நின்றபோதும் ஞாபகம் இருந்திருக்கிறது. தெரியாமல் செய்திருந்தால் எப்படியாவது மன்னித்திருப்பேன். தெரிந்துகொண்டே என் வாய்க்குள் அந்த உருண்டையைத் தள்ளப் பார்த்த மனுஷனோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேனே என்று உடம்பெல்லாம் கூசியது. உருண்டை நாற்றம் பரவாயில்லை என்று தோன்றியது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடறீங்களா? இல்ல, இந்த டம்ளரோட மேல போயி, இத யார் குடிக்கணும்னு பசங்ககிட்டயே கேட்டுட்டு வரட்டுமா?"

படி வரை போய்விட்டேன். அவர் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தார். "வரேன். வரேன்னு சொல்றேன்ல."

உருண்டைகளைக் குப்பையில் போட்டேன். பால் நல்ல பால்தான். காபி போட்டுக் குடித்தேன். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். அக்காவிடம் அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். அண்ணி பல மாதம் என்னோடு பேசவில்லை. மாடியில் வகுப்பு மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை.

பெரியவள் இப்போது பத்தாவது. அத்தையின் வகுப்பில்தான் படிக்கிறாள். நேற்று சாப்பாடு முடிந்ததும் புத்தகத்தை அப்பாவிடம் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பக்கம் வந்ததும் புரட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்.

"அப்பா, ஒண்ண உட்டுட்டீங்க. அது கண்டிப்பா வரும்னு அத்த சொன்னாங்க."

அவர் பக்கத்தைத் திருப்பினார். பிறகு, "இத உங்கம்மா கேக்கட்டும்" என்று புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

நான் வாங்கவில்லை. "நீங்களே கேளுங்க" என்றேன்.