பூரானுக்கு எத்தனை கால்?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. நூம்பலில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்புறம், மழையில் ஊறிக் கிடந்த செங்கற்களைப் புரட்டினேன். அடியிலிருந்து என் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பூரான் ஓடியது. வேறு யாராக இருந்தாலும் செருப்பைத் தேடியிருப்பார்கள். நான் நீண்ட இடுக்கியால் தூக்கி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினேன். பூரான்களைப் பிடித்து, என்ன இனம் என்று கண்டுபிடித்து, திரும்ப விட்டுவிடுவது என் பொழுதுபோக்கு. அப்போது ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கி, பூரானின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துக் கால்களை எண்ணினேன். இருபத்திரண்டு ஜோடி! இந்த மாதிரிப் பெரிய பூரானுக்கு இருபத்தொன்று என்றுதான் படித்திருந்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பூச்சி ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, புது இனம் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தேன்.

குழுவில் இருந்த ஒரு பேராசிரியர், பூரானின் கால் ஜோடிகள் ஒற்றைப்படையில்தான் வரும், மறுபடி எண்ணுங்கள் என்று பதில் போட்டார். எனக்குச் சுருக்கென்றது. அம்பத்தூரில் உதிரி பாகங்களை எண்ணிச் சோதித்து அனுப்புவதுதான் என் உத்தியோகம். "பதினெட்டு வருஷமா இதே வேலை சார், என் எண்ணிக்கை தப்பாது" என்று திமிராக எழுதிவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அம்மா துடைப்பத்தோடு வந்தார். கரையான்சாவடியில் மீன் கடை வைத்திருப்பவர். போன வருடம் பூரான் கடித்து இரண்டு நாள் கால் வீங்கிக் கிடந்தவர்.

"இன்னாண்ணா, இத்தப் போய் டப்பால வச்சிகினு கீறீங்க? இப்டி கொடுங்க, ஒரே அடி!"

"கொஞ்சம் இருங்கம்மா, கால் எண்ணணும்" என்று கெஞ்சி, போனில் இருந்த படத்தைக் காட்டினேன். துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் எண்ணினார். திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"தலையாண்ட வளைஞ்சிகினு கீதே ரெண்டு, அதையும் சேத்து எண்ணிக்கீறீங்களே! அது கொடுக்குண்ணா. நண்டு கொடுக்கை யாராச்சும் காலுன்னு எண்ணுவாங்களா?"

பார்த்தேன். விஷக் கொடுக்கேதான். கழித்தால் இருபத்தொன்று.

முகம் சிவந்துபோனது. ஆனாலும் அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நடந்ததை ஒளிக்காமல் எழுதி, பேராசிரியரிடம் மன்னிப்புக் கேட்டேன். "முதலில் அந்த அம்மாவைக் குழுவில் சேர்த்துவிடுங்கள்" என்று பதில் வந்தது. பேராசிரியர் சொன்னபடி, கடைசிக் கால்களில் இருந்த முட்களை நானும் அந்த அம்மாவும் எண்ணி அனுப்பினோம். நம் பக்கம் எங்கும் காணப்படும் சாதாரண இனம்தான் என்று தெரிந்தது.

பூரான் அதற்குள் ஒவ்வொரு காலாக வாய்க்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்ய ஆரம்பித்திருந்தது. அந்த அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "நம்மளவிட சுத்தமா கீதேண்ணா!"

வீடுகள் இல்லாத புதர்க் காட்டில் விடப் போனபோது அவரும் கூடவே வந்தார். "ஊட்டாண்ட மட்டும் வந்துடாத, இன்னா?" என்று அதனிடம் கறாராகச் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பூரான்களைச் சரியாக இனம் கண்டிருக்கிறேன்; ஆனால் தப்பாக எண்ணிய அந்தக் காலையில் கிடைத்த சந்தோஷம் வேறு எதிலும் கிடைத்ததில்லை.