என் கைக்குத் திரும்பி வரக் கூடாதுங்க

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நர்ஸ் வேலைக்கு அது நல்லதுதான் என்று நானே சொல்லிக்கொள்வேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த முதல் மாதத்திலேயே, இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த எல்லாரிடமும் ஒரு தடவை சண்டை போட்டு, ஒரு தடவை சமாதானமும் ஆகிவிட்டேன். ஒரே ஒரு ஆளிடம் மட்டும் என் வாய் செல்லவில்லை. எங்கள் தூய்மைப் பணியாளர். இதே மலையில் திருப்புலி நாட்டுக்காரர்; இங்கே பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. மரவள்ளியும் மிளகும் போட்ட கொஞ்சம் காடு, ஒரு பசுமாடு, அதுபோக இங்கே கூட்டித் துடைக்கிற வேலை. என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் டாக்டரம்மா முதல் ஆம்புலன்ஸ் டிரைவர் வரை எல்லாருக்கும் அவர் அக்கா. எனக்கும் அக்கா.

ஆஸ்பத்திரிக் குப்பைக்கு நான்கு நிறம் உண்டு. ரத்தம் பட்ட பஞ்சும் துணியும் மஞ்சள் பக்கெட்டில். குளுக்கோஸ் டியூப், கையுறை இதெல்லாம் சிவப்பில். கண்ணாடி நீலத்தில். ஊசி வெள்ளை டப்பாவில். சாப்பாட்டு மிச்சம், காகிதம் மாதிரி சாதாரணக் குப்பைக்குத் தனியாக ஒரு கறுப்புப் பக்கெட். இதைப் படித்துப் பாஸ் பண்ணிய நாங்களே அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடுவோம். அக்காவுக்கு ஒரு தடவைகூடத் தப்பினது கிடையாது. "ஏனுங்க, இந்தப் பஞ்ச யாரு செவப்புல போட்டது?" என்று கேட்டால் வார்டே கப்சிப். ஒருநாள் டாக்டரம்மாவே பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, "நான்தான்க்கா" என்று கை தூக்கினார்.

எங்கள் ஊரில் டிசம்பர் பிறந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். யார் பேர் நமக்கு வருகிறதோ அவர் நம் பிள்ளை, நாம் அவருக்கு அம்மா. ஆள் யாரென்று காட்டிக்கொள்ளாமல் பரிசு தயார் பண்ண வேண்டும். கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான் குட்டு உடையும். அதை நான் இங்கேயும் ஆரம்பித்து வைத்தேன். இங்கே நானும் பார்மசிஸ்ட்டும்தான் கிறிஸ்தவர்கள். ஆனால் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, நான் செய்தால் எதையும் தடபுடலாகத்தான் செய்வேன். தெர்மாகோலில் மாட்டுக்கொட்டகை, அதன்மேல் ஜிகினாத் தூள், வாசல் முழுக்க பலூன், பளபளக் காகிதம் சுற்றிய பரிசுகள், ஒவ்வொன்றுக்கும் தங்க நிற ரிப்பன். கேக் வைக்க பிளாஸ்டிக் தட்டு. அக்காவுக்கு வந்தது ஒரு எவர்சில்வர் சம்படம். அதைச் சாயங்காலம் வரை மடியிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் அந்தக் குப்பையை எல்லாம் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க சிஸ்டர், இது எந்தப் பக்கெட்டுங்க?"

நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அவரே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். "ரத்தமில்லீங்க, மஞ்சள் ஆகாது. ட்யூப் இல்லீங்க, செவப்பு ஆகாது. கறுப்புல போட்டா பின்னால குழிக்குத்தான் போவும். குழியில இது மக்காதுங்களே. எரிச்சாலும் நாத்தங்க."

"அட, ஒரு நாள் கூத்துக்கா இது. சும்மா பின்னால குழியில கொட்டுங்க" என்றேன். எனக்கு அன்றைக்கு நோயாளிக் கூட்டம். அவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு போய்க் கொட்டினார்.

குழிக்கு வேலி பிய்ந்து கிடந்தது. பிளாஸ்டிக் தட்டுகளில் கேக் கிரீம் ஒட்டியிருந்தது. அக்காவின் மாடு மேய்ந்துகொண்டே வந்து, இனிப்புக்கு ஆசைப்பட்டுத் தட்டோடும் ரிப்பனோடும் தின்றுவிட்டது. நாலாம் நாள் வயிறு உப்பி, அசை போடாமல் நின்றது. கால்நடை டாக்டர் வந்து இரண்டு நாள் பார்த்தார். பிழைக்கவில்லை. நாலு மாதச் சினை வேறு. வயிற்றைக் கீறிப் பார்த்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "இது ஒரு நாள்ல தின்னதில்லம்மா, ரொம்ப நாளா சேர்ந்தது" என்று டாக்டர் என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ சொன்னார். இருக்கலாம். ஆனால் வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் பொதியின் மேல் சுற்றிக் கிடந்தது தங்க ரிப்பன். நான் ராசிபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது.

"அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"டீ குடிக்கறீங்களா சிஸ்டர்? வரட்டீயாத்தான் இருக்கும். பாலில்லீங்க" என்றார் அக்கா.

அவ்வளவுதான். அன்றைக்கும் திட்டவில்லை, அதற்குப் பிறகும் திட்டவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி டீக்கு அதுவரை அந்த மாட்டுப் பால்தான். இப்போது பாக்கெட் பால் வந்தது, பாக்கெட்டைக் கழுவி அடுக்குகிற வேலையும் அக்காவுக்குத்தான் வந்தது. நான் டீயே விட்டுவிட்டேன். என்னோடு அவர் பேசாமலும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார், சிரிப்பார், மிளகு ரசத்துக்குப் பக்குவம் சொல்வார். அந்த ஒரு விஷயத்தை மட்டும் தொடவே மாட்டார். ஏசப்பா, இவர் ஒரே ஒரு வார்த்தை என்னைத் திட்டிவிட்டால் போதுமே என்று வருஷம் முழுக்க நினைத்தேன். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன், மனசாவது கொஞ்சம் ஆறியிருக்கும். திட்டாதவரிடம் எப்படிப் போய் மன்னிப்புக் கேட்பது?

அடுத்த டிசம்பர் வந்தது. நான் சீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. கட்டுக் கட்டுகிற அறையில் தனியாக இருந்தபோது அக்கா உள்ளே வந்தார்.

"ஏனுங்க சிஸ்டர், இந்த வருசம் சீட்டு போடலீங்களா?"

"வேண்டாம்க்கா. போன வருஷம் பட்டது போதாதா?"

"எனக்கு வேணுங்க. ரேசன் கார்டு, ஓட்டு லிஸ்ட்டு, இதுல மட்டுந்தான் எம்பேர எழுதுவாங்க. எனக்குக் குடுக்கறதுக்குன்னு ஒருத்தர் எம்பேர எழுதி மடிச்சது இங்கதானுங்க." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன். குடுக்கறது எதுவும் திரும்பி என் கைக்கு வரக் கூடாதுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. தந்த பரிசைத் திருப்பித் தரக் கூடாது என்கிறாரோ என்று முழித்தேன். அவர் குப்பை அள்ளுகிற தன் வலது கையை என் முன்னால் நீட்டினார். "இந்தக் கைக்குங்க" என்றார்.

சுற்றுச்சூழல் பற்றி எத்தனை கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எத்தனை சுவரொட்டி ஒட்டியிருக்கிறேன். ஒன்றும் மண்டையில் ஏறினதில்லை. இந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாட்டைப் பறிகொடுத்தவர் கொண்டாட்டமே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் யாரும் தப்புச் சொல்லியிருக்க முடியாது. அவரோ கொண்டாட்டத்தைக் கேட்டு வாங்கி, அதற்கு ஒரு சட்டமும் போட்டுவிட்டார். நான் அங்கேயே நின்று, இப்படி ஒரு மனசு நமக்கு வராதடி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சட்டம் கேட்க லேசாக இருந்ததே தவிர, கடைக்குப் போனால் விழி பிதுங்கியது. பார்மசிஸ்ட் ராசிபுரத்துக்கு இறங்கிப் போய், ஒரு டிபன் கேரியர் வாங்கப் பட்டபாட்டை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அட்டைப்பெட்டி வேண்டாம், உள்ளே கவர் வேண்டாம் என்றதும் கடைக்காரர், "அப்ப மாத்திக் கேட்டு வரக் கூடாதுங்க" என்றாராம். "திரும்பி வர்றதுக்கே எங்க ஊர்ல தடைங்க" என்று இவர் சொன்னாராம். அளக்கிறாரோ என்னவோ, கேட்க நன்றாக இருந்தது. டாக்டரம்மா தன் சீட்டில் வந்தவருக்குத் தேக்கு இலையில் பொதிந்து, வாழைநாரால் கட்டி ஆரஞ்சு கொண்டுவந்தார். கட்டு இரண்டு தடவை அவிழ்ந்து ஆரஞ்சு வராண்டா முழுக்க உருண்டது. டிரைவருக்குச் சீட்டில் வந்தது டாக்டரம்மா. அவருக்கு இந்த மலைப் பாதையில் காரை இறக்க உதறல். மூன்று ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, எழுபது கொண்டை ஊசி வளைவையும் டிரைவர் ஓட்டப் பழக்கிவிட்டார். "இந்தப் பரிசுல திரும்பி வந்தது டாக்டரம்மா மட்டுந்தான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஊரில் இருக்கிற என் கூடப்பிறந்த அக்காளுக்கும் அந்தச் சட்டப்படியே செய்தேன். மூன்று வருஷம் முன்னால் அவள் வீட்டிலிருந்து மீன்குழம்பு கொண்டுவந்த தூக்குவாளி என்னிடமே கிடந்தது. அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, மலை மிளகை நிரப்பி வைத்தேன். போனில் சொன்னதும், "ஏட்டி, என் வாளியையே எனக்குக் கிறிஸ்துமஸ் பரிசா தாறியா? நல்லா இருப்பட்டி நீ" என்று கத்தினாள். கத்தட்டும். மூன்று வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சீட்டில் வந்தது அக்கா பேர். கர்த்தரின் செயல் என்று நினைத்தேன், பார்மசிஸ்ட்டின் செயல் என்று பிறகு தெரிந்தது. நான் அதிகம் யோசிக்கவில்லை. எடப்புளி நாட்டில் ஒருவரிடம் நல்ல கிடாரிக் கன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, போய்ப் பார்த்துப் பேசி முடித்துவிட்டேன். ரகசியம் காக்கிற வாயா இது? இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அக்காவிடமே உளறிவிட்டேன்.

அவர் முகம் மலரும் என்று பார்த்தேன். மலரவில்லை.

"கன்னு வேண்டாங்கலீங்க. கொண்டாங்க, வாங்கிக்கறேன். ஆனா அது போன மாட்டுக்கு ஈடுங்க சிஸ்டர். அது பரிசு ஆவாது. ரெண்டையும் ஒரே பக்கெட்டுல போடாதீங்க."

பள்ளிக்கூடத்துப் பக்கம் நாலு வருஷம்தான் போனவர். எனக்கு இத்தனை வயதில் பிரிக்கத் தெரியாததை அவர் பிரித்து வைத்துவிட்டார். கன்று வேறொரு நாளில், கிறிஸ்துமஸுக்கு முந்தியே, சத்தமில்லாமல் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பரிசு இன்னும் பாக்கி இருந்தது.

எதை யோசித்தாலும் அது ஏதோ ஒரு நாளில் கிழிந்தோ உடைந்தோ அந்தக் கைக்குத்தான் போகும். கடைசியில் ஒன்று தோன்றியது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு எனக்கு லீவு, அக்காவுக்கு டியூட்டி. என் லீவை அவருக்குத் தந்து, அவர் வேலையை நான் செய்வது. டாக்டரம்மாவிடம் சொல்லி அனுமதி வாங்கினேன். ஒரு காகிதத்தில்கூட எழுதவில்லை. "இன்னைக்கு உங்க சோலி எல்லாம் என் சோலிக்கா, நீங்க வீட்ல இருங்க" என்று காலையில் நேரில் போய்ச் சொன்னேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "ஆகட்டுங்க, பாக்கலாம்" என்றார்.

ஆராதனை முடிந்து வந்து புடவையை ஏத்திச் செருகினேன். வார்டைக் கூட்டி, துடைத்து, கழிவறை கழுவி, பக்கெட்டுகளைப் பிரித்துக் கட்டுவதற்குள் இடுப்பு ரெண்டாகிவிட்டது. இதை இவர் தினமும் செய்துவிட்டு, காட்டு வேலைக்கும் போகிறாரே என்று மலைப்பாக இருந்தது. பதினொரு மணிக்குப் பார்த்தால் அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு, நோயாளிகள் உட்காருகிற பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம். வாழை இலைத் துண்டில் கேக் வைத்துக் கொடுத்தேன். தின்றுகொண்டே நான் பெருக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர்" என்றார். "போன வருசம் குழியில கொட்டச் சொன்னீங்க பாருங்க. அப்பவே எனக்குத் தெரியுங்க, மாடு அங்க வரும்னு. வேலி பிஞ்சதும் தெரியும்."

வருஷம் முழுக்க நான் காத்திருந்த பேச்சு வந்துவிட்டது என்று தெரிந்தது.

"தெரிஞ்சும் ஏன்க்கா கொட்டுனீங்க?"

"நீங்க சொன்னீங்களே. படிச்சவங்க சொல்றாங்க, சரியாத்தான் இருக்கும்னு கொட்டிட்டேன்." கேக்கை இலையோடு கீழே வைத்தார். "உங்க மேல எனக்குக் கோவம் இருந்துச்சுங்க. இல்லேங்கல. ஆனா அதவிட எம்மேலதான் கோவம். தெரிஞ்ச நான் தெரியாதவங்க பேச்சக் கேட்டுட்டேன்."

நான் அழுதுவிட்டேன். மன்னிச்சிருங்கக்கா என்று சொல்ல ஒரு வருஷமாக ஒத்திகை பார்த்ததெல்லாம் அந்த அழுகையிலேயே போய்விட்டது. அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்.

"அழுவாதீங்க. நீங்க சொன்னீங்க, நான் கொட்டுனேன், ரெண்டு பேருஞ் சேந்துதானுங்க அதக் கொன்னோம். ஆனா ஒண்ணு சிஸ்டர். இனிமே தப்புன்னு எனக்குத் தெரிஞ்சா, நீங்க சொன்னாலும் செய்ய மாட்டேன். டாக்டரம்மா சொன்னாலும் செய்ய மாட்டேன்."

"செய்யாதீங்கக்கா" என்றேன்.