மழையில் வைத்த நிக்காஹ்

மாவுக்கடை சலீமா பீவி என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். பக்கத்து வீட்டுக்காரி என்று எனக்குச் சலுகையெல்லாம் கிடையாது.

எங்கள் ஊரிலிருந்து சிதம்பரம் போக ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்துதான் போகவேண்டும். ஐப்பசி பிறந்தால் அங்கே இடுப்பளவு தண்ணீர். போன வருஷ மழையில் சலீமா அக்காவின் கணவர் அப்துல் வதூதுக்கு நெஞ்சு வலித்தபோது ஆட்டோ அங்கேதான் நின்றுபோனது. தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகு அக்கா ஓயவில்லை. எம்.எல்.ஏ.விடம் போனார். "தண்டவாளம் மத்திய அரசோடதும்மா, நான் கை வைக்க முடியாது" என்றார் அவர். எம்.பி.யிடம் போனார். "பாலந்தாம்மா எங்களுது. அடியில போற ரோடு மாநில அரசு." கடலூரில் கலெக்டரிடம் கொடுத்த மனுவும் இரண்டு பக்கமும் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. டெல்லிக்கு எது, சென்னைக்கு எது என்று அரசியல் சட்டத்தில் பட்டியல் போட்டுப் பிரித்திருக்கிறார்கள்; நானும் பள்ளிக்கூடத்தில் படித்தேன். மக்களவைக்கு ஒருத்தர், சட்டசபைக்கு ஒருத்தர் என்று அனுப்பி வைத்தது நாங்கள்தானே? இரண்டு ஓட்டுக்கும் மை வைத்தது ஒரே விரலில்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனுவுக்கு வராதவர்கள் கல்யாணத்துக்கு வருவார்கள். பத்திரிகையில் பெயர் போட்டால் போதும். மூத்த மகள் முபீனாவின் நிக்காஹை அக்கா கார்த்திகை அடைமழையில் வைத்தார். மண்டபம் பாலத்துக்கு இந்தப் பக்கம். பத்திரிகையில் எம்.எல்.ஏ., எம்.பி. இருவர் பெயரும் கொட்டை எழுத்தில்.

"மழையில யாராச்சும் கல்யாணம் வைப்பாங்களாக்கா? முபீனா என்னா சொல்றா?" என்றேன்.

"அவதான் தேதியே குறிச்சா."

மாப்பிள்ளை வீட்டாரைக் காட்டுமன்னார்கோயிலிலிருந்து முதல் நாளே வரவழைத்துவிட்டார். மறுநாள் பாலத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு கார்கள் வந்து நின்றன. இருவரும் வேறு வேறு கட்சி. மற்றவர் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டால் நம் மானம் என்னாவது என்று இருவருமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

சொட்டச் சொட்ட வந்தவர்கள் முன்னால் அக்கா போய் நின்றார்.

"இப்ப நனைஞ்சீங்களே, இதுல டெல்லி தண்ணி எது, சென்னை தண்ணி எது? பிரிச்சிக் காட்டுங்க. எங்க வூட்டுக்காரருக்குப் பிரிக்கத் தெரியல. அதுலயே மவுத்தாயிட்டாரு."

"ரெண்டு அரசும் சேந்துதான் செய்யணும். பேசுறோம்மா" என்று எம்.பி. முனகினார். எம்.எல்.ஏ. தலையாட்டினார்.

"பேசுங்க. மொதல்ல பிரியாணி சாப்புடுங்க" என்றார் அக்கா. "சின்னவ சனா இருக்கா. அவ நிக்காஹும் கார்த்திகையிலதான். அதுக்கும் ஒங்க பேரப் போடுவேன்."