அவன் கூப்பிட்டானா

வால்நட் ஓடைப் பள்ளத்தாக்கில் யார் வீட்டுக்குப் போனாலும் வேலியின் வெளிக்கதவுக்கு அந்தப் பக்கமே நின்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து பதில் வந்தால் கதவைத் திறக்கலாம். வராவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும். கென்டக்கி மலையில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் துப்பாக்கி சாய்ந்து நிற்காத வீடு கிடையாது. குரல் கொடுத்தவனை யாரும் சுட மாட்டார்கள். கொடுக்காமல் வந்தவனுக்காக யாரும் வாதாட மாட்டார்கள்.

வில்லா ஸ்டேம்பர் அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்த புருஷனை அங்கேயே புதைத்தவள். கல்யாணமான வருஷத்திலிருந்து பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். விடியற்காலையில் புறப்படும் முன் ஒவ்வொரு சக்கரத்தையும் பூட்ஸ் முனையால் தட்டிப் பார்ப்பாள். பனி உறைந்த வளைவுகளில் அவள் வண்டி ஒருமுறைகூட வழுக்கியதில்லை. ஒரு பிள்ளைக்கும் கீறல் விழுந்ததில்லை. அவளுடைய அண்ணன் ஹாலிஸ் இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

அவள் வழியில் கடைசி நிறுத்தம் நெட்டி கேபர்ட் வீடு. நெட்டியின் ஒரே பையன் ரேண்டல் சிறு வயதில் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. வில்லா ஹாரன் அடிப்பாள். வீட்டுக்குள்ளிருந்து நெட்டி கத்துவாள்: "வர்றான் வில்லா, வர்றான்! போயிடாத!" வில்லா போனதில்லை. ஒரு கையில் ரொட்டியும் இன்னொரு கையில் செருப்புமாக ஓடிவந்து ஏறுவான் ரேண்டல். "அக்கா, நாளைக்குச் சீக்கிரம் வந்துடறேன்" என்பான். "நாளைக்கு நான் லேட்டா வரேன்டா, கணக்குச் சரியாப் போயிடும்" என்பாள் வில்லா.

வளர்ந்ததும் அவனும் சுரங்கத்துக்குப் போனான். மேலேயிருந்து ஒரு பாறை முதுகில் இறங்கியது. வலிக்குக் கொடுத்த மாத்திரை வலி போன பிறகும் அவனை விடவில்லை. இரண்டு வீடுகளில் புகுந்து திருடி ஜெயிலுக்குப் போய் வந்தான். எந்த வீட்டில் யார் நோயில் கிடந்து செத்தார்கள், எந்த அலமாரியில் மாத்திரை மிச்சமிருக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வில்லாவின் குளியலறை அலமாரியிலும் இருந்தது. புருஷன் கடைசியாகக் கையால் தொட்ட சாமான் என்பதால் அதைத் தூக்கி எறிய அவளுக்கு மனம் வரவில்லை.

மே மாதக் கடைசியில், எல்லாரும் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிடும் ஞாயிறு அது. மேசை நாற்காலிகளை மலை உச்சிக்கு ஏற்ற ஹாலிஸ், தங்கையின் டிரக்கை எடுத்துப் போயிருந்தார். வில்லாவும் கிளம்ப வேண்டியவள்தான். ஆனால் தலைச்சன் ஈற்றுப் பசு ஒன்று விடிந்ததிலிருந்து முக்கிக்கொண்டிருந்தது. கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கிக் கிடந்தது. வில்லா தோள்வரை சட்டையைச் சுருட்டிவிட்டுக் கையை உள்ளே விட்டுக் காலைத் தேடினாள்.

அப்போதுதான் வெளிக்கதவிலிருந்து குரல் வந்தது.

"ஹோய்! வீட்டுல யாரு?"

கன்றின் குளம்பு விரலுக்கு அகப்பட்டிருந்த நேரம். பசு மிரண்டு துள்ளினால் எல்லாம் போச்சு. நாற்காலி போதவில்லை என்று மலையிலிருந்து யாரையாவது அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்து அவள் வாய் திறக்கவில்லை. மறுபடியும் ஒருமுறை குரல் வந்தது. பிறகு சத்தமில்லை. போய்விட்டார்கள் என்று நினைத்தாள்.

முற்றத்தில் டிரக் இல்லை என்றால் வீட்டில் ஆளில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

கன்று உயிரோடு வந்து விழுந்தது. வெந்நீர் எடுக்க வில்லா சமையலறைக்கு நடந்தாள். வலைக்கதவு திறந்து கிடந்தது. உள்ளே குளியலறையில் சாமான் உருளும் சத்தம். அவள் கை தானாகக் கதவுக்குப் பின்னால் போய் இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்தது. பாம்புக்கும் நரிக்கும் தவிர அதை அவள் வேறு எதற்கும் எடுத்ததில்லை.

"யாருடா அது உள்ள?"

ரேண்டல் வெளியே வந்தான். ஒரு கையில் மாத்திரைப் புட்டி, மறு கையில் கடப்பாரை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது.

"நீங்க மலைக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்கா."

"அதை எடுத்துக்கிட்டே போய்த் தொலை ரேண்டல். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." வாசலை விட்டு விலகி வழி விட்டாள்.

அவன் வாசலைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தான். "சொல்லிடுவீங்க. ஹாலிஸண்ணன்கிட்ட சொல்லாம உங்களால இருக்க முடியாது. என்னால மறுபடி உள்ள போக முடியாதுக்கா."

"கிட்ட வராத. சுட்டுடுவேன்."

"என்னையா? ஹாரன் அடிச்சுக் காத்திருந்தவங்க நீங்க."

வில்லா கூரையைப் பார்த்து ஒருமுறை சுட்டாள். சுண்ணாம்புத் தூள் இருவர் தலையிலும் கொட்டியது. அவன் ஒரு கணம் குனிந்தான். பிறகு கடப்பாரையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். அது அவள் இடது தோளில் இறங்கி எலும்பை உடைத்தது. அடுத்த ஓங்கல் தலைக்கு வந்தது. அவள் இரண்டாவது விசையை இழுத்தாள்.

நகரத்திலிருந்து மலை சுற்றித்தான் ஆம்புலன்ஸ் வர வேண்டும். வில்லா ஒற்றைக் கையால் போன் செய்துவிட்டு, அடுப்படித் துண்டுகளை எல்லாம் எடுத்து அவன் வயிற்றில் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவன் அவளுடைய கையைப் பார்த்தான். தோள்வரை பசுவின் ரத்தம் காய்ந்திருந்தது.

"மாடு கன்னு போட்டுடுச்சாக்கா?"

"போட்டுடுச்சு. கிடாரிக் கன்னு."

"அதான் பதில் வரல..." என்றான். "நான் கூப்பிட்டேன்ல?"

"கேட்டுச்சுடா" என்றாள் வில்லா.

ஆம்புலன்ஸ் வரும்போது அவன் இல்லை.

போலீஸ் அதிகாரி நிதானமான மனிதர். கடப்பாரை எந்தக் கையில் இருந்தது, கூரையில் சுட்டது முதலிலா பிறகா, வெளியே ஓடியிருக்க முடியுமா என்று எல்லாம் கேட்டார். கேட்டதற்கெல்லாம் அவள் ஒளிக்காமல் பதில் சொன்னாள். அரசு வழக்கறிஞர், தற்காப்புக்காகச் சுட்டது, வழக்கு இல்லை என்றார். துப்பாக்கியும் திரும்பி வந்தது. ஹாலிஸ் அதைத் துடைத்து எண்ணெய் போட்டுத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

ஊர் வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னது. பெட்ரோல் பங்கை ஒட்டிய கடையில் காபி குடிக்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

"குரல் கொடுக்காம உள்ள நுழைஞ்சான். அப்புறம் என்ன பேச்சு?"

"நாய்கூடக் குரைச்சிட்டுத்தான்யா உள்ள வரும்."

"நெட்டி வளர்த்த லட்சணம்."

"இனிமே வில்லா பஸ்ல கையைத் தூக்கிட்டுத்தான் ஏறணும்" என்று ஒருவன் சொல்ல, ஹாலிஸ் உள்ளே வருவதைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள்.

நெட்டி பையனை அடக்கம் செய்த நாளில் பத்துப் பேர்கூட வரவில்லை. அந்த ஊரில் சாவு வீட்டுக்கு ஆளாளுக்குச் சமைத்துக் கொண்டுவருவார்கள், மேசையில் பாத்திரம் வைக்க இடமிருக்காது. நெட்டியின் மேசையில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து பாடியவள், கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாள். வில்லா தோளில் கட்டுப் போட்டிருந்ததால் கோடை விடுமுறை வரும்வரை வேறு ஒருவர் பேருந்து ஓட்டினார். எல்லாவற்றையும் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி கேள்விப்பட்டாள். தூக்கமில்லை. ஒருநாள் காலையில் அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அவன் கூப்பிட்டான் அண்ணே."

"யாரு?"

"ரேண்டல். வெளிக்கதவுல நின்னு ரெண்டு தடவை கூப்பிட்டான். எனக்குக் கேட்டுச்சு. நான்தான் பதில் கொடுக்கல."

ஹாலிஸ் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"போலீஸ்காரர் இதைக் கேட்டாரா?"

"கேக்கல."

"அப்ப விடு. சட்டம் உன் பக்கம், ஊரும் உன் பக்கம். ஏன் கிளறுற?"

"நெட்டி அத்தை பக்கம் யாரு இருக்கா?"

"நீ இப்ப போய்ச் சொன்னா என்ன பேசுவாங்க தெரியுமா? குரல் கேட்டும் ஒளிஞ்சிருந்து, உள்ள வரவிட்டுச் சுட்டாளாம்னு பேசுவாங்க. பிள்ளைங்களை உன் பஸ்ல ஏத்த மாட்டாங்க. அந்த பஸ் இல்லாம நீ என்ன பண்ணுவ?"

"பேசட்டும். அவன் முறை தெரியாதவன்னு அந்தம்மா நெனச்சுக்கிட்டே சாகணுமா? ஊரும் அதைத்தான சொல்லுது?"

சின்ன வயதில் ஓடையில் வெள்ளம் வந்தபோது, வேண்டாம் என்று கத்தக் கத்த ஒரு ஆட்டுக்குட்டிக்காக இறங்கியவள் அவள். ஹாலிஸுக்கு அந்த முகம் தெரியும். தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "அந்தத் தோளோட நீ ஓட்டாத. நான் வரேன்."

கோழியும் மாவு உருண்டையும் சேர்த்து வேகவைத்த பாத்திரத்தை நல்ல கையில் அணைத்துக்கொண்டு, வில்லா நெட்டி வீட்டு வெளிக்கதவுக்கு முன் நின்றாள். ஹாலிஸ் டிரக்கிலேயே இருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று பேர் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார்கள். டிரக்கைப் பார்த்ததும் அவர்கள் கை நின்றது.

"ஹோய்! நெட்டி அத்தை! வில்லா வந்திருக்கேன்!"

பதிலில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். அதற்கு மேல் நிற்பது முறையில்லை. அவள் திரும்பினாள்.

"எதுக்கு வந்த?" வலைக்கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணு சொல்லணும் அத்தை."

"அதான் போலீஸ்காரர் எல்லாம் சொல்லிட்டாரே."

"அவர் கேக்காதது ஒண்ணு இருக்கு."

நெட்டி வெளியே வந்து தாழ்வாரத் தூணைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. "சொல்லு. சத்தமாச் சொல்லு. எனக்குக் காது சரியில்ல."

இத்தனை தூரத்திலிருந்து சத்தமாகச் சொன்னால் ஓடைக்கு அப்பாலும் கேட்கும். வில்லா அந்தத் தாழ்வாரத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலை உயர்த்திச் சொன்னாள்.

"ரேண்டல் கூப்பிட்டான் அத்தை. வெளிக்கதவுல நின்னு கூப்பிட்டான். எனக்குக் கேட்டுச்சு. மாட்டுக்குப் பிரசவம் பாத்துக்கிட்டு இருந்தேன், பதில் கொடுக்கல."

நெட்டி மெல்லப் படியில் உட்கார்ந்தாள்.

"எப்படிக் கூப்பிட்டான்?"

"ஹோய், வீட்டுல யாருன்னு."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

"ரெண்டு தடவை" என்றாள் நெட்டி. ஏப்ரனின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "நீ பதில் கொடுத்திருந்தா?"

ஹாலிஸ் டிரக்குக்குள் கண்ணை மூடிக்கொண்டார்.

"திரும்பிப் போயிருப்பான் அத்தை."

"ஆமா. போயிருப்பான்." நெட்டி எழுந்தாள். "அந்தப் பாத்திரத்தை எடுத்துட்டுப் போ. உன் கையால ஆக்கினது எனக்குத் தொண்டையில இறங்காது." வலைக்கதவு சாத்திக்கொண்டது.

ஹாலிஸ் சொன்னபடியே நடந்தது. கடையில் பேச்சு மாறியது. பள்ளி திறந்ததும் சில வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைச் சொந்த வண்டியில் கொண்டுபோய் விட்டார்கள். வில்லா தினமும் சக்கரங்களைத் தட்டிப் பார்த்து, அந்த நிறுத்தங்களிலும் வண்டியை நிறுத்தி, யாரும் ஏறாவிட்டாலும் ஹாரன் அடித்துச் சற்றுக் காத்திருந்து போனாள். குளிர் வருவதற்குள் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் வரவில்லை.

செப்டம்பரில் நெட்டி மறுபடி கோயிலுக்கு வந்தாள். பின்னால் உட்காராமல் நேராக முன் வரிசைக்குப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். ரேண்டலின் கல்லறைமேல் யார் யாரோ பூ வைத்திருந்தார்கள். வில்லாவை நெட்டி பார்க்கவில்லை.

இலை உதிர்ந்து மலை தெரியத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை. வில்லா சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தோள் ஆறியிருந்தாலும் கை முன்போல் உயராது. கூரையில் துளை அப்படியே இருந்தது. ஹாலிஸ் பூச வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"ஹோய்! வீட்டுல யாரு?"

குரலை அடையாளம் காண்பதற்குள் அவள் பதில் கொடுத்துவிட்டாள். "இருக்கேன்! வாங்க! இருக்கேன்!" மாவுக் கையோடு தாழ்வாரத்துக்கு ஓடினாள்.

வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் நெட்டி நின்றிருந்தாள், கம்பளிக் கோட்டைக் கழுத்துவரை இழுத்துப் பொத்தானிட்டுக்கொண்டு. கை கதவின் மேல் இருந்தது. திறக்கவில்லை.

"உள்ள வாங்க அத்தை."

"வரல." நெட்டி வீட்டைப் பார்த்தாள், மாட்டுக் கொட்டிலைப் பார்த்தாள், இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பார்த்தாள். "இங்கிருந்து கூப்பிட்டா அங்க கேக்குமான்னு பாத்தேன்."

"கேக்கும் அத்தை."

"ம்." கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "கன்னுக்குட்டி நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

நெட்டி தலையசைத்துவிட்டு ஓடையோரப் பாதையில் நடந்தாள். வளைவில் அவள் மறையும்வரை வில்லா நின்றாள். கையிலிருந்த மாவு காய்ந்து இறுகியிருந்தது.