பூட்டிய அறைக்குள் இருந்தவள்

பொம்மிடியில் நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது எங்கள் விடுதிக்கு ஒரு வார்டன் இருந்தார். குள்ளமான உருவம், இறுக்கிப் பின்னிய சடை. சாப்பிடும்போதுகூட இடது கையில் சாவிக்கொத்தைப் பிடித்திருப்பார். அவரைக் கண்டாலே எங்களுக்குப் பயம்.

ஒருநாள் படிப்பு நேரத்தில், கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்து ஒரு நாவலை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையில் வருங்கால நகரம் ஒன்றில், பதினைந்து வயதானதும் பிள்ளைகளை அரசாங்கம் பிடித்து அடைத்துவிடும். நான்கு பெண்கள் காவல்காரியை ஓர் அறையில் தள்ளிப் பூட்டிவிட்டுக் காட்டுக்குத் தப்பி ஓடுவார்கள். வார்டன் அந்த நாவலைப் பிடுங்கிக்கொண்டார். எங்கள் ஊரான சித்தேரியிலிருந்து அப்பாவை வரவழைப்பார், அப்பா என் படிப்பையே நிறுத்திவிடுவார் என்று இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் வார்டன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் நாவல் இருந்தது.

"முழுசாப் படிச்சிட்டேன். ஒண்ணு கேக்கணும். அந்தக் காவக்காரியப் பூட்டிட்டுப் போனாங்களே, அப்புறம் யாரு வந்து தொறந்துவுட்டா?"

"அது கதையில இல்லைங்க மேடம்."

"நானும் கடைசி வரைக்கும் தேடிப் பாத்தேன். அவளுக்கும் ஒரு வூடு இருக்குமில்ல? புள்ளைங்க இருக்கும்."

புத்தகத்தை என்னிடம் நீட்டினார். அப்பாவுக்குப் போன் போகவில்லை.

படித்த ஒவ்வொரு முறையும் நான் அந்தப் பெண்களோடு காட்டுக்குத்தான் ஓடியிருந்தேன். கதவுக்குப் பின்னால் ஒருத்தி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதும் அப்படிப்பட்ட நாவல்களை விரும்பிப் படிக்கிறேன். யாராவது தப்பி ஓடும் இடம் வந்தால், உள்ளே யாரை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.