ஜெபமலர் டீச்சரின் மேடை

தென்காசியில் எந்த வீட்டுக் கொல்லையில் நின்றாலும் மலையிலிருந்து காற்று வரும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஜெபமலர் டீச்சர் 1957இல் வாங்கிய வீட்டில் ஒரு மெழுகுவத்தியை அணைக்கும் அளவுக்குக்கூடக் காற்று வரவில்லை. கிழக்குப் பார்த்த ஓட்டு வீடு. மேற்குச் சுவரில் பெயருக்குக்கூட ஒரு ஜன்னல் இல்லை. சாரல் அடித்துச் சுவர் ஓதம் ஏறிவிடும் என்று கட்டியவர் ஒட்டுமொத்தமாக அடைத்துவிட்டார். இரண்டு மூன்று மாதச் சாரலுக்குப் பயந்து மிச்ச மாதமெல்லாம் வீட்டுக்குள் வெந்து கிடப்பது இந்த ஊர்க்காரர்களுக்கே உரிய புத்திசாலித்தனம்.

டீச்சருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஆலங்குளம் பக்கத்துக் கிறிஸ்தவ உபதேசியார் ஒருவரின் மூத்த மகள். தகப்பனார் போனபின் இரண்டு தம்பிகளைப் படிக்கவைத்து, ஒருவனைப் பட்டாளத்துக்கும் ஒருவனைத் தூத்துக்குடிக்கும் அனுப்பி, இருவருக்கும் கல்யாணமும் முடித்து நிமிர்ந்து பார்த்தபோது தன்னைப் பெண் கேட்டு வர ஆள் இல்லை. அவளுக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை இருந்தது. "கடைசிக் காலத்துல எங்ககூட வந்து இரு அக்கா, தனி வீடு எதுக்கு?" என்று தம்பிகள் எழுதினார்கள். கடைசிக் காலம் இன்னும் வரவில்லை என்று பதில் எழுதிவிட்டு வீட்டை வாங்கினாள்.

வாங்கிய முதல் சித்திரையிலேயே தெரிந்துவிட்டது, சாயங்காலம் நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இந்த வீட்டில் மனுஷி இருக்க முடியாது என்று. தெருவில் ஆண்கள் ஆளுக்கொரு நாற்காலியை வாசலில் போட்டு வேட்டியை மடித்துக் கட்டிக் காற்று வாங்கினார்கள். பெண்கள் அடுப்பங்கரையில் இருந்தார்கள். வெளியே காற்றாட உட்காருவது ஆண்பிள்ளைக்கு உரிமை, பெண்பிள்ளைக்கு வேலையற்றதனம் என்பது அந்தத் தெருவின் சட்டம். வாசலில் உட்கார்ந்தால்தானே பேசுவீர்கள், என் கொல்லையில் உட்காருகிறேன் என்று டீச்சர் முடிவுசெய்தாள். தரையில் பாய் விரித்து அல்ல. தேளும் அனலும் அண்டாமல், ஆள் உயரக் காற்றைப் பிடிக்கிற மாதிரி, கால் வைத்த ஒரு மர மேடை.

கணக்கு வாத்தியார் அல்லவா, அவசரப்படவில்லை. கொல்லையின் நடுவில் ஒரு கம்பை நட்டு, மாதம் ஒருமுறை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் அதன் நிழலைச் சுண்ணாம்பால் கோடு போட்டாள். வேப்பமர நிழல் எந்த மாதம் எதுவரை வருகிறது என்று தனியாகக் குறித்தாள். ஒரு வருஷம் ஓடியது. அக்கம்பக்கத்தில் டீச்சர் ஏதோ செய்வினை எடுக்கிறாள் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் கட்டம் போட்ட தாளில் படம் வரைந்தாள். பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், இரண்டடி உயரம். மரக்கால் மண்ணில் பட்டால் கரையான் ஏறும், ஆகவே கல் கால்கள். மேற்கு ஓரத்தில் மாலை வெயிலை மறைக்க ஒரு கீற்றுத் தட்டி, வெயில் இறங்கியதும் கிணற்றுக் கப்பியில் கயிற்றைப் போட்டு அதை மேலே தூக்கிவிடலாம். தலைக்கு மேல் கூரை கிடையாது. கோடைக்குப் பாகற்கொடி போதும்.

படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் சொரிமுத்து ஆசாரி. "இது கட்டிலா, பரணா, டீச்சர்?"

"மேடைன்னு வச்சுக்கிடுங்க. பலகைக்குப் பலகை ஒரு சுண்டுவிரல் அளவு சந்து விடணும். அடியில இருந்து காத்து வரணும், மழைத் தண்ணி கீழ போவணும்."

ஆசாரி முகம் சுருங்கிவிட்டது. செங்கோட்டையிலிருந்து இலஞ்சிவரை அவர் அடித்த மச்சுகளில் பலகைச் சந்தில் ஒரு நூல்கூட நுழையாது. அதுதான் அவர் பேர். "சந்து விட்டு அடிச்சா நாளைக்கு ஊர்ல என்ன சொல்லுவான்? சொரிமுத்துக்குக் கண்ணு போயிட்டுன்னு சொல்லுவான்." டீச்சர் பரீட்சைத் தாள் திருத்த வெளியூர் போயிருந்த ஒரு வாரத்தில் நல்ல வேங்கைப் பலகைகளை இழைத்து இழைத்து, கண்ணாடி மாதிரி சந்தே இல்லாமல் அடித்து முடித்துவிட்டார். வந்து பார்த்த டீச்சர் சந்தைத் தேடிப் பலகைமேல் சுண்டுவிரலை ஓட்டினாள். "ஆனி பொறக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

ஆனி பிறந்தது, சாரல் வந்தது. பலகைகள் தண்ணீர் குடித்து ஊதின. விரிய இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கி, நடுவில் ஒட்டக முதுகாக எழும்பி நின்றன. ஆசாரியைக் கூப்பிட்டு அந்த முதுகின்மேல் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். அவர் டம்ளரைப் பக்கத்தில் வைத்தார், அது சரிந்து உருண்டது. மறுநாள் ஆணியைப் பிடுங்கி, சுண்டுவிரலை வைத்து வைத்து அளந்து அடித்தார். "ஊர்ல எவனாவது கேட்டா, டீச்சர் சொல்லித்தான் அடிச்சேன்னு சொல்லுவேன்" என்று முனகினார். கூடவே ஒரு நல்ல காரியமும் செய்தார். அடியில் கூட்டிப் பெருக்க வசதியாக மேடையை இரண்டு பாதியாகப் பிரித்துத் தூக்குகிற மாதிரி அமைத்துக்கொடுத்தார். அது பின்னால் இவ்வளவு உதவும் என்று அவருக்கும் தெரியாது.

அந்த வருஷம் முழுக்க ஜெபமலர் ஒரு ராணியாக இருந்தாள் என்றே சொல்லலாம். ஐந்து மணிக்கு நோட்டுக்கட்டோடு மேடை ஏறுவாள். தட்டியைத் தூக்கியதும் எதிர்க்கொல்லைக்காரரின் ஓட்டுக்கு மேலே மலை தெரியும். மேல்காற்று வந்து பலகைச் சந்து வழியாகப் புடவைக்குள் புகுந்து, முப்பது வருஷச் சுண்ணாம்புக்கட்டித் தூசியையும் கழுவிக்கொண்டு போவதுபோல் இருக்கும். அந்தக் காற்றில் எதிர்க்கொல்லை அடுப்புப் புகையும் வரும். இன்றைக்குச் சொதி, இன்றைக்கு அவியல் என்று அவளால் சொல்லிவிட முடியும். புகையைப் பற்றி அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

குறை அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. எதிர்க்கொல்லை, அடுத்த தெருவில் இருந்த சங்கரநாராயணனுடையது. பாத்திரக்கடைக்காரர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். 1960 சித்திரையில் ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டையைச் செருமினார்.

"டீச்சரம்மா, எங்க வீட்டுப் பொம்பளைக புழங்குத எடம். நீங்க ஒசரத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கது நல்லாவா இருக்கு?"

"நான் பாக்கது மலைய, அண்ணாச்சி. வேணும்னா நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கிடுதேன். காத்து முதுகுல அடிச்சாலும் எனக்குச் சரிதான்."

அவர் கொஞ்சம் தயங்கி, உண்மையைச் சொல்லிவிட்டார். "அது இல்ல. நீங்க இப்படிக் கால நீட்டி உக்காந்திருக்கதப் பாத்து, என் வீட்டுக்காரி நம்ம வீட்லயும் இது மாதிரி ஒண்ணு போட்டா என்னன்னு கேக்கா."

"போட்டுக் குடுங்க. படம் என்கிட்ட இருக்கு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் கொத்தனார் வந்தான். ஐந்தடிச் சுவர் ஏழடி ஆயிற்று. டீச்சருக்கு வெயில் மறைந்தது, காற்றும் நின்றது. மனுஷன் நிழலைக் கொடுத்துவிட்டுக் காற்றைப் பிடுங்கிக்கொண்டான் என்று வயிறெரிந்தாள். அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் போய் வந்த கையோடு நாலு ஆட்களைக் கூப்பிட்டு, மேடையின் இரண்டு பாதியையும் கழற்றி, கால்களுக்கடியில் இன்னும் இரண்டடிக் கல் வைத்து ஏற்றினாள். காற்று வந்தது. வைகாசியில் சுவர் ஒன்பதடி ஆயிற்று. மேடை ஆறடி ஆயிற்று, ஏறுவதற்கு ஏணி வந்தது. நாற்பத்தொன்பது வயதில் நோட்டுக்கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணி ஏறுகிற கணக்கு டீச்சரைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் வேப்பமரத்தில் ஏறினார்கள். ஆனி முதல் வாரம் சுவர் பன்னிரண்டடி ஆயிற்று. அதற்கு மேல் மேடையை ஏற்றினால் கல் தாங்காது என்று ஆசாரி கையை விரித்துவிட்டார்.

"பஞ்சாயத்துல எழுதிக் குடுங்க டீச்சர்" என்றார்கள் பள்ளியில். அவருடைய சுவர், அவருடைய இடம், எழுதி என்ன ஆகும்? "ஊர்ப்பகை எதுக்குக்கா, வித்துட்டு வந்துரு" என்று தூத்துக்குடித் தம்பி எழுதினான். அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் பத்தாம் வகுப்புக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிழித்தாள். மேடையை மறுபடி இரண்டடிக்கு இறக்கினாள். ஆனால் மேடையைவிட்டு இறங்கவில்லை. தினம் ஐந்து மணிக்கு அந்தப் பன்னிரண்டடிச் சுவருக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு, வேர்த்து வழிய வழிய உட்கார்ந்து நோட்டுத் திருத்தினாள். காற்று இல்லை என்றால் போகட்டும், இடம் என்னுடையது. இதையும் விட்டுக்கொடுத்தால் வீட்டுக்குள் போய்ச் சாவதைத் தவிர வேறு வழி இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. ராத்திரி தலையணையில் முகத்தை வைத்து அழுததும் உண்டு. அதைச் சுவர் பார்க்கவில்லை.

ஆடி பிறந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஓடுகள் கடகடத்தன. தென்னைகள் கிழக்கே சாய்ந்து நின்றன. அப்போதுதான் டீச்சருக்கு ஒன்று உறைத்தது. சொதி வாசனை வந்து ஒரு மாதம் ஆகிறது. சுவருக்கு மேல் ஒரு கீற்றுப் புகைகூட வரவில்லை. அடுப்பு எரியாமல் அந்த வீட்டில் சமையல் எப்படி நடக்கும்? புகை எங்கே போகிறது?

அடுத்த நிமிஷமே விடை கிடைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். நின்று, மூச்சை இழுத்து, மறுபடி இருமல். சங்கரநாராயணன் வீட்டு அடுப்பங்கரை சுவரிலிருந்து எட்டடி தள்ளி. முன்பெல்லாம் மேல்காற்று புகையை அள்ளிக்கொண்டு கிழக்கே போகும். இப்போது சுவரில் முட்டித் திரும்பி அடுப்பங்கரைக்குள்ளேயே நுழைகிறது.

நல்லா வேணும் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். அடுத்த கணம் வெட்கப்பட்டாள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். ஆண்பிள்ளைகள் விஷயத்தில் அது அவ்வளவு சரியில்லை. அவர்கள் செய்த வினை முதலில் பெண்டாட்டியைத்தான் சுடுகிறது. சுவர் எழுப்பியவர் கடையில் விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தார், இருமியது வடிவம்மாள்.

எழுந்து சுவர் அருகே போனாள். "வடிவம்மா, நாந்தான். புகையா?"

இருமல் அடங்கியது. பிறகு குரல் வந்தது. "கண்ணே தெரியல டீச்சர். அவுககிட்டச் சொன்னேன். பழகிரும்னு சொல்லுதாக." மறுபடி இருமல். "மேடை இன்னும் இருக்கா?"

"இருக்கு. நானும் இருக்கேன்."

"துணி தொவைக்குத கல்லுல ஏறி நின்னா முன்ன உங்களப் பாக்கலாம். நீங்க கால நீட்டி உக்காந்திருப்பிய. அதப் பாத்தா எனக்குக் கால் வலி போன மாதிரி இருக்கும். அவுகளுக்குக் கோவம் அதுலதான்." கூடவே, "ஒரு நாளாவது அதுல உக்காரணும்னு ஆசை" என்றாள்.

"என் பக்கம் கதவு இல்லையே, வடிவம்மா. தெரு சுத்தித்தான் வரணும்."

"தெரு சுத்தி வந்தா கடை வழியா வரணும். கடையில அவுக இருக்காக."

பேச்சு அத்தோடு முடிந்தது என்று டீச்சர் நினைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலை பத்து மணிக்குச் சுவரின் அந்தப் பக்கத்தில் ணங் என்று ஒரு சத்தம். மறுபடி ஒன்று. டீச்சர் கொல்லைக்கு ஓடிவந்தாள். இடுப்பு உயரத்தில் ஒரு செங்கல் அசைந்தது, பிதுங்கியது, அவள் காலடியில் விழுந்தது. ஓட்டை வழியே கடப்பாரையின் முனை தெரிந்தது. அதன் பின்னால் சிவந்த கண்ணோடு வடிவம்மாள்.

"தள்ளி நில்லுங்க டீச்சர், மேல விழுந்துரும்."

"மேல இருக்கிற கல்லத் தொடாதிய, மொத்தமும் சரிஞ்சிரும். இருங்க, வாரேன்." டீச்சர் ஆசாரி விட்டுப்போயிருந்த வேங்கைச் சட்டம் ஒன்றைத் தூக்கி வந்தாள். எங்கே முட்டுக்கொடுத்தால் மேல்பாரம் தாங்கும் என்று சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே அவள் இந்தப் பக்கமிருந்து பிடுங்கினாள், வடிவம்மாள் அந்தப் பக்கமிருந்து இடித்தாள். மத்தியானத்துக்குள் ஓர் ஆள் குனியாமல் வருகிற வழி திறந்தது. அதன் வழியாக முதலில் புகை வந்தது, அதைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தது. பாகற்கொடி சடசடவென்று ஆடியது. வடிவம்மாள் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேடையில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினாள்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்த சங்கரநாராயணன் அந்த வழியில் வந்து நின்றார். சுவரைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார்.

"ஏட்டி, என்ன இது?"

வடிவம்மாள் எழுந்திருக்கவில்லை. காலையும் மடக்கவில்லை. கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் முன்னால் அவள் கால் நீட்டி உட்கார்ந்தது அன்றுதான்.

"சோறு அடுப்பங்கரையில இருக்கு. புகை இப்பம் கொறஞ்சிட்டு, போட்டுச் சாப்பிடுங்க."

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கையில் சுண்ணாம்புக்கட்டியோடு நின்றாள். "என்ன அண்ணாச்சி, அடைக்கணுமா? கொத்தனாரக் கூப்பிடுங்க. ஆனா இருமுததுக்கு இனிமே ஆளு நீங்கதான்" என்றாள். அவர் உள்ளே போய், தானே போட்டுச் சாப்பிட்டார். இருமினாரா இல்லையா என்று இருவரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

கொத்தனார் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, ஊர் என்ன சொல்லும் என்பதற்காக, அந்த வழிக்கு ஒரு கதவு போடச் சொல்லி அவரே சொரிமுத்து ஆசாரியை அனுப்பினார். ஆசாரி யாரும் கேட்காமலே பலகைக்குப் பலகை சுண்டுவிரல் சந்து விட்டு அந்தக் கதவைச் செய்தார். கதவை மாட்டி முடித்ததும், தாழ்ப்பாளை எந்தப் பக்கம் வைக்க என்று கேட்டார். சங்கரநாராயணன் வாயைத் திறப்பதற்கு முன்னால் வடிவம்மாள் சொன்னாள்.

"மேடைப் பக்கம் வைங்க."